புதுப்பேட்டையில் ஒரு புகை ஆராய்ச்சி

சென்னையில் ஒரு பழைய ஜோக் உண்டு. காலையில் உங்கள் கார் காணாமல் போனால் பதறாதீர்கள். மத்தியானம் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டுப் புதுப்பேட்டைக்குப் போங்கள். கார் அங்கேதான் இருக்கும். ஆனால் இடது கதவு ஒரு கடையில், வலது கதவு எதிர்க்கடையில், ஸ்டீயரிங் மூன்றாவது சந்தில்! எல்லாவற்றையும் விலைக்கு வாங்கி மாட்டிக்கொண்டு சாயந்திரம் வீட்டுக்கு ஓட்டி வந்துவிடலாம்.

இந்த ஜோக்கைப் புதுப்பேட்டையில் நின்றுகொண்டு சொல்லக் கூடாது. எனக்கு முன்னால் நின்றிருந்த கண்ணாடிக்காரர் ஒருவர் சொல்லிவிட்டார். கடைக்காரர் சிரிக்கவில்லை. "ஏலத்துல எடுத்த வண்டி சார். பேப்பர் இருக்கு, பாக்கறீங்களா?" என்று ஒரு கிழிந்த ஃபைலை எடுத்து கவுன்ட்டரில் தொப்பென்று போட்டார். கண்ணாடிக்காரர் விலைகூடப் பேசாமல் ஒரு ஹெட்லைட்டை வாங்கிக்கொண்டு நழுவினார். பேரம் பேசுகிறவர்களின் வாயை அடைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

எழும்பூர் ஸ்டேஷன் பக்கத்திலிருந்து ஆதித்தனார் சாலை வழியாக வந்தால், கூவத்துக்கு இந்தக் கரையில் இருக்கிறது புதுப்பேட்டை. பழைய ஆட்கள் அந்தச் சாலையை இன்னமும் 'ஹாரிஸ் ரோடு' என்றுதான் சொல்கிறார்கள். அதற்கப்புறம் நீங்கள் வழி கேட்கவே வேண்டாம். கூவத்தின் வாசனையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிரீஸ் வாசனை ஜெயிக்க ஆரம்பிக்கும். எது முழுசாக ஜெயிக்கிறதோ, அங்கே நிற்கவும். அதுதான் இடம்.

ஒரு கடையில் கதவுகள் மட்டும், மளிகைக்கடையில் அப்பளக் கட்டு அடுக்கின மாதிரி. பக்கத்துக் கடையில் பம்பர். அடுத்ததில் சீட்டுகள், மதியத்தில் கடைப் பையன் அதில் ஒன்றில் சாய்ந்து, வண்டியே இல்லாமல் பிரயாணம் போய்க்கொண்டிருக்கிறான். ஒரு மாடிப்படியில் படிக்கு ஒரு கியர் பாக்ஸ். அதைத் தாண்டி மேலே குடியிருக்கும் அம்மா, கையில் காய்கறிப் பையோடு, தாண்டல் ஓட்டம் பழகினவர் மாதிரி ஏறிப் போகிறார்.

இங்கே நான் போனது வேடிக்கை பார்க்க அல்ல. என் வண்டிக்கு ஒரு வழி பண்ண.

ராணிக்கு வயசாச்சு

என் வண்டி 1986 மாடல் பிரீமியர் பத்மினி. தமிழ்நாட்டில் அதை யாரும் பத்மினி என்று கூப்பிட்டதில்லை. 'ஃபியட்'தான். நாட்டியப் பேரொளி பெயரை வைத்திருக்கிறார்கள் என்று எங்கள் ஆபீசில் ஒருவர் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தார். இல்லை. இது சித்தூர் ராணி பத்மினி. இத்தாலியின் ஃபியட் 1100-டி மாடலை 1964-லிருந்து பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் கம்பெனி தயாரித்தது. 1974-ல்தான் ராணியின் பெயர் வந்தது. 1983 டிசம்பரில் மாருதி 800 வரும்வரை, நடுத்தர வர்க்கத்துக்குக் கார் என்றால் அம்பாஸடர், இல்லாவிட்டால் ஃபியட். பணத்தைக் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். இப்போது புது ஃபியட் கிடையாது. பம்பாயின் கறுப்பு மஞ்சள் பத்மினி டாக்ஸிகள்கூட, 20 வருஷ வயசு வரம்பு முடிந்து 2023 அக்டோபரோடு ரோட்டை விட்டுப் போய்விட்டன.

என் ராணிக்கு என்ன வியாதி? புகை. நீலமாக, கொஞ்சம் கௌரவமாக, பின்னால் வரும் ஸ்கூட்டர்காரர் முகத்தில். ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குடித்துக்கொண்டிருந்தது. காலையில் ஸ்டார்ட் பண்ணினால், மாடி வீட்டு மாமி கொடியில் காயும் துணிகளை அவசரமாக எடுப்பார்.

எங்கள் பேட்டை மெக்கானிக் பானெட்டைத் திறந்தார். ஒரு தடவை ரேஸ் பண்ணினார். பானெட்டை மூடினார். "எஞ்சின் போச்சு சார். இறக்கிடலாம். போர் அடிச்சு, பிஸ்டன் மாத்தி, கிராங்க் கிரைண்டிங் பண்ணி, ஃபுல்லா பண்ணிட்டா அறுபத்தஞ்சு ஆகும்" என்றார். ரூபாய் ஆயிரத்தில்.

கையில் இருந்தது இருபதாயிரம். தவிர, வண்டியின் ஆர்.சி.யைப் புதுப்பிக்க வேண்டிய தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. பழைய கார் வைத்திருக்கும் அன்பர்களுக்கு இந்தக் கணக்கு தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 15 வருஷம் தாண்டினால் ஐந்து வருஷத்துக்கு ஒரு தரம் புதுப்பிக்க வேண்டும். ஒரு காலத்தில் கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து 5,000. 2025 ஆகஸ்ட்டில், 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். அதைக் கட்டிவிட்டு வண்டியை இன்ஸ்பெக்டர் முன்னால் நிறுத்த வேண்டும். அவர் ஆக்ஸிலேட்டரை மிதிக்கச் சொல்வார். புகை வந்தால் கதை முடிந்தது. அப்புறம் வண்டி போகிற இடமும் புதுப்பேட்டைதான். ஆனால் துண்டு துண்டாக.

ஆகவே முழுசாக இருக்கும்போதே ஒரு தரம் அழைத்துப் போய்விடலாம் என்று கிளம்பினேன்.

விற்க மறுத்த கடைக்காரர்

மெயின் சாலையை ஒட்டின சந்தில், ஆட்டோ ஒன்று நுழைந்தால் மனுஷன் வெளியே வந்துவிட வேண்டிய அகலத்தில், ஃபியட் சாமான்கள் விற்கும் ஒரு பாய் இருக்கிறார். வயது எழுபதுக்கு மேல். வெள்ளைக் குல்லா, சட்டைப் பையில் டெஸ்டர், கையில் டீ கிளாஸ். சின்ன வயதில் மெக்கானிக்காக இருந்து, முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் கடையில் உட்கார்ந்துவிட்டவர்.

"பாய், ஃபியட்டுக்கு பிஸ்டன் செட் வேணும்."

"எந்த சைஸ்?"

"தெரியலியே..."

"யாரு கேக்கச் சொன்னது?"

சொன்னேன். டீயை மெதுவாகக் குடித்து முடித்தார்.

"வேணாம்."

என் முப்பத்தைந்து வருஷ வாழ்க்கையில், காசை நீட்டினபிறகு 'வேணாம்' என்று சொன்ன கடைக்காரரை நான் பார்த்ததில்லை. "இல்ல பாய், பணம்..." என்று இழுத்தேன்.

"பணத்துக்கு சொல்லல தம்பி. எஞ்சின் கைல பேசினீங்களா? ஒரு வாட்டி கேட்டுப் பாருங்க, அது சொல்லும். வண்டி எங்க?"

அடுத்த ஒரு மணி நேரம் நடந்ததை, பழைய கார் வைத்திருக்கும் எல்லாரும் வெட்டி ஒட்டி வைத்துக்கொள்ளலாம். சல்லிக்காசு செலவில்லாத வைத்தியப் பரீட்சை.

முதலில் புகையின் கலர். கறுப்புப் புகை என்றால் பெட்ரோல் ஜாஸ்தி. கார்ப்பரேட்டர் பார்க்க வேண்டும். எஞ்சின் சூடான பிறகும் வெள்ளைப் புகை விடாமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. ஹெட் கேஸ்கெட்டில் சந்தேகம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. இது எனக்குத் தெரியும். தெரியாத சங்கதி அடுத்தது.

"கலரு முக்கியம் இல்ல. எப்ப வருது, அதான் முக்கியம்" என்றார் பாய்.

ஏற்றத்தில் மிதித்துக்கொண்டு போகும்போது புகை விடாமல் வந்தால், பிஸ்டன் ரிங்கும் போரும் தேய்ந்திருக்கும். ஆனால் காலையில் ஸ்டார்ட் பண்ணின உடனே ஒரு தரம், அப்புறம் காலை எடுத்து இறக்கத்தில் வந்து மறுபடி மிதிக்கும்போது ஒரு தரம் என்று குப்குப்பென்று வந்தால், ஆயில் மேலேயிருந்து இறங்குகிறது. அதாவது வால்வு கைடு தேய்ந்து, தண்டை ஒட்டிக்கொண்டு ஆயில் வழிகிறது. மேலே இருப்பது ஹெட். அதைக் கழற்ற எஞ்சினை இறக்கவே வேண்டாம். வண்டியில் இருக்கும்போதே பெட்டி மூடி மாதிரி எடுத்துவிடலாம்.

என் ராணி எப்போது புகை விடுகிறாள் என்று யோசித்தேன். காலையில். அப்புறம் கத்திப்பாரா பாலம் இறங்கி, கீழே மறுபடி மிதிக்கும்போது. "அதான்" என்றார்.

இரண்டாவது, எஞ்சின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றினார். அங்கிருந்து இட்லிக் குண்டான் மாதிரி புஸ்புஸ்ஸென்று ஆவி அடித்தால், மேலே வெடிக்கிற காற்று ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்குகிறது என்று அர்த்தம். உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். லேசாக மூச்சு விட்டது. "கிழவன் மூச்சுதான். ஆஸ்துமா இல்ல."

மூன்றாவது, ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் முனையை எஞ்சினின் அடிப்பக்கம் அழுத்திப் பிடித்து, கைப்பிடியைக் காதில் வைத்துக்கொண்டார். டாக்டர் தோற்றார்! கிராங்க் பேரிங் தேய்ந்திருந்தால் கனமாக டொக்டொக்கென்று வரும். வரவில்லை. எஞ்சின் நன்றாகச் சூடான பிறகும் ஐடிலில் ஆயில் லைட் மினுக்கவில்லை. "கீழ் வேலை ஒண்ணும் இல்ல. கிராங்க் கிரைண்டிங்குனு எவன் சொன்னான்?"

நான்காவதாகத்தான் கருவி வந்தது. கம்ப்ரஷன் கேஜ். நாலு பிளக்கையும் கழற்றி, ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சிலிண்டராக செல்ஃப் அடிக்க வேண்டும். ஒன்று, இரண்டு, நாலு மூன்றும் 120-ஐ ஒட்டி நின்றன. மூன்றாவது 85. அந்த 85-ஐப் பார்த்ததும் எனக்கு வேர்த்தது.

பாய் ஒரு ஸ்பூன் ஆயிலை மூன்றாவது சிலிண்டரின் பிளக் ஓட்டை வழியாக ஊற்றினார். ரிங் தேய்ந்திருந்தால் அந்த ஆயில் சந்தை அடைத்துக்கொள்ளும். கேஜ் கிடுகிடுவென்று ஏறும். ஏறாவிட்டால், காற்று போவது வால்வு வழியாக. மறுபடி அடித்தோம். 88.

"பாத்தீங்களா? வால்வு. ஹெட் வேலை மட்டும் பண்ணுங்க. பிஸ்டன் எனக்கு வேணும், வேற யாராச்சும் நெஜமாவே கேட்டு வருவான்."

எத்தனை போர் பாக்கி?

எனக்கு ஒரு சந்தேகம். எப்படியும் ஹெட்டைக் கழற்றப் போகிறோம். காசு இருந்தால் அதோடு போரும் அடித்துவிட்டால் நல்லதுதானே? இந்த யோசனை எல்லாருக்கும் வரும். பாய் அதற்குச் சொன்ன பதில்தான் அன்றைக்கு நான் கேட்ட பெரிய சங்கதி.

ஃபியட்டின் 1089 சி.சி. எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் 68 மில்லிமீட்டர் அகலம். பிஸ்டன் மேலும் கீழும் 75 மில்லிமீட்டர் ஓடுகிறது. தேய்ந்தால் சுவரைச் சமமாகக் குடைந்து எடுத்து, கொஞ்சம் பெரிய பிஸ்டன் போடுவார்கள். இதுதான் போர் அடிப்பது. அடுத்த தடவை அதைவிடப் பெரியது. ஆனால் எத்தனை தரம் குடைய முடியும்? சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுகிறது. இரண்டு மூன்று சைஸ் தாண்டினால் குடைய இரும்பு இருக்காது. அப்புறம் ஸ்லீவ் இறக்கிப் பழைய அளவுக்குக் கொண்டு வர வேண்டும். அதற்குத் தனி செலவு. அதைச் சரியாகச் செய்கிற ஆளும் வேண்டும்.

"காசு செலவானா இந்த மாசம் இல்லாட்டி அடுத்த மாசம் வரும் தம்பி. இரும்பு போனா வராது. வேலை இல்லாம ஒரு போர் அடிச்சா, அந்த எஞ்சினோட ஒரு ஜென்மம் போச்சு. உங்களுது இன்னும் ஸ்டாண்டர்டு சைஸா இருந்தா, பொக்கிஷம்."

பட்ஜெட் என்றால் நாமெல்லாம் ரூபாயை மட்டும் எண்ணுகிறோம். பழைய எஞ்சினுக்கு இரண்டு பாஸ்புக். ஒன்று நம் சட்டைப் பையில். இன்னொன்று சிலிண்டர் சுவரில். இரண்டாவதில் டெபாசிட் போடவே முடியாது. எடுக்க மட்டும்தான் முடியும்.

மத்து கடைந்த படலம்

பாய் காட்டின பட்டறை மூன்றாவது சந்து. மெக்கானிக் அண்ணன் ஒரு காலை நேரத்தில் ஹெட்டைக் கழற்றிவிட்டார். ஃபியட்டின் ஹெட் அலுமினியம். ஒரு தரம் ஓவர் ஹீட்டானால் அப்பளம் மாதிரி வளையும். ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், லேசான வளைவு. லேத்தில் கொடுத்து மேலாக ஒரு சீவல்.

மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வைக் கையில் கொடுத்தார். ஓரத்தில், எலி கடித்த பிஸ்கட் மாதிரி ஒரு பள்ளம். கருகியிருந்தது.

"யாராச்சும் டாப்பெட் சத்தத்தைக் குறைச்சாங்களா?"

குறைத்திருந்தார். எங்கள் பேட்டை மெக்கானிக்தான். டிக்டிக் என்று சத்தம் வருகிறது என்று இரண்டு வருஷத்துக்கு முன் டாப்பெட்டை இறுக்கிவிட்டார். எஞ்சின் தையல் மிஷின் மாதிரி அமைதியாகிவிட்டதில் வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்.

அங்கேதான் சங்கதி. வால்வு சூடானால் நீளும். நீள்வதற்கு ஒரு மயிரிழை இடைவெளி வேண்டும். அதைத்தான் ஃபீலர் கேஜ் வைத்து அளந்து விடுகிறார்கள். இறுக்கிவிட்டால் வால்வு முழுசாக உட்காராது. உட்கார்ந்தால்தான் தன் சூட்டை அது சீட்டுக்கு இறக்க முடியும். இல்லாவிட்டால் நெருப்பு அந்தச் சந்து வழியாகவே ஓடி, வால்வைத் தின்றுவிடும். "சத்தம் போடற டாப்பெட்டை நம்பலாம் சார். சத்தமே போடாததுதான் ஆபத்து" என்றார் அண்ணன். ஆபீசிலும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கைடுகள் எட்டும் புதுசு. எக்ஸாஸ்ட் வால்வு நாலும் புதுசு. இன்டேக் நாலும் பழசே போதும். அப்புறம் வால்வைத் தேய்க்கும் படலம். பட்டறைப் பையன் ஒருவன் வால்வின் தலையில் ரப்பர் குச்சியை ஒட்டி, பேஸ்ட்டைத் தடவி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தயிர் கடைகிற மாதிரி கடைந்தான். முன்னும் பின்னும், முன்னும் பின்னும். நடுநடுவே வால்வைத் தூக்கி, கால் வட்டம் திருப்பி, மறுபடி. எட்டு வால்வு. வெண்ணெய் வரவில்லை, ஆனால் வால்வைச் சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரே சீராக ஒரு வளையம் வந்தது. அதுதான் வெண்ணெய்.

சோதிப்பது எப்படி தெரியுமா? வால்வுகளை ஸ்பிரிங் போட்டுப் பொருத்தி, ஹெட்டைச் சாய்த்து வைத்து, துவாரம் வழியாகக் கெரசின் ஊற்றினார்கள். பக்கத்து டீக்கடைக்குப் போய் வந்தோம். ஏழு வால்வில் ஒரு சொட்டு இல்லை. ஒன்றில் மட்டும் லேசாகக் கசிவு. யாரும் கவனிக்கவில்லை என்றால் அப்படியே மாட்டியிருக்கலாம். பையன் தானாகவே அதைக் கழற்றி மறுபடி கடைய உட்கார்ந்தான். எத்தனை ரூபாய் கொடுத்தாலும் கடையில் கிடைக்காத ஸ்பேர் பார்ட் அது.

கூவத்தைத் தாண்டி...

எல்லாவற்றையும் புதுப்பேட்டையிலேயே வாங்கலாமா? கூடாது என்று பாயே சொன்னார். கதவு, கண்ணாடி, கைப்பிடி, ஹெட்லைட் வளையம், கார்ப்பரேட்டர் உடம்பு... இதெல்லாம் பழசு வாங்கலாம். கேஸ்கெட், வால்வு, ஹோஸ், பிளக் இதெல்லாம் புதுசுதான் வேண்டும். அதற்குக் கூவத்தைத் தாண்டி, அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் போகும் ஜி.பி. ரோடு. ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு என்ற முழுப்பெயரைச் சொன்னால் ஆட்டோக்காரர் உங்களை வெளியூர் என்று முடிவு பண்ணி மீட்டரை மறப்பார்.

புதுப்பேட்டை கசாப்புக்கடை என்றால் ஜி.பி. ரோடு மருந்துக்கடை. எல்லாம் டப்பாவில். கடைப் பையன்கள் நம்பரைக் கேட்டுவிட்டுப் பரண் மேல் ஏறிவிடுவார்கள். இங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி, "கம்பெனியா, லோக்கலா?" கேட்காவிட்டால் லோக்கல்தான் வரும். கேட்டாலும் சில சமயம் டப்பா மட்டும் கம்பெனியாக இருக்கும். டப்பாவைப் பார்க்காதீர்கள், பொருளைப் பாருங்கள். பழைய சாமானைக் கையோடு கொண்டு போய் இரண்டையும் பக்கத்தில் வைத்து, எடை, அளவு, ஓரங்களின் சுத்தம் மூன்றையும் பாருங்கள். வெட்கப்பட வேண்டாம். புடவை எடுக்கும் பெண்கள் வெட்கப்படுகிறார்களா?

ஒரு விஷயத்தில் சென்னைக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள். செம்பியத்தில் 1949-லிருந்து இந்தியா பிஸ்டன்ஸ், அப்புறம் ரானே குழுமத்தின் எஞ்சின் வால்வ்ஸ் என்று, எஞ்சினின் வயிற்றுக்குள் இருக்கும் சமாசாரங்களைத் தயாரித்த ஊர் இது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரே இந்த ஊரில் பிறந்ததுதான். அதனால்தான் இங்கே லேத் பட்டறைகளில் ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலத்தைக் கண்ணாலேயே சொல்லும் கைகள் வளர்ந்தன. இந்தக் கைகளுக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. புதுப் பையன்கள் லேப்டாப்பைச் செருகி கார் தானே சொல்லும் கோடைப் படிக்கிறார்கள். அது தப்பில்லை. ஆனால் என் ஃபியட்டுக்கு லேப்டாப்பைச் செருக ஓட்டை கிடையாது. அதற்கு நாடி பிடிக்கிற வைத்தியர்தான் வேண்டும். புதுப்பேட்டையை வேறு இடத்துக்கு மாற்றப் போகிறார்கள் என்ற பேச்சும் வருஷக்கணக்காக இருக்கிறது. கடைகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போகலாம். மூன்றாவது சந்தில் லேத், இரண்டாவது சந்தில் பாய், பக்கத்தில் டீக்கடை என்கிற வரிசையை எந்த லாரியில் ஏற்றுவது?

சில்லறையில் இருக்கிறது ஆயுள்

ஹெட்டை மாட்டும்போது பாய் சொல்லி, செய்த சில்லறை வேலைகள் சில. எஞ்சினைக் காப்பாற்றுவது இவைதான் என்கிறார்.

ரேடியேட்டரைக் கழற்றிக் கம்பி விட்டுச் சுத்தம் பண்ணினோம். நம் ஊர் போர் தண்ணீரை ஊற்றி ஊற்றி, குழாய்களில் பாதி, பழைய குக்கர் மாதிரி உப்புப் படிந்து அடைத்திருந்தது. சூடுதான் பழைய எஞ்சினுக்கு எமன். கூலன்ட் கலந்த சுத்தத் தண்ணீரைத் தவிர எதுவும் ஊற்றக் கூடாது.

தெர்மோஸ்டாட். நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று அநேக மெக்கானிக்குகள் கழற்றித் தூர எறிந்துவிடுவார்கள். என் வண்டியிலும் இல்லை. எஞ்சின் சரியான சூட்டுக்கு வராமலே ஓடினாலும் தேய்மானம் ஜாஸ்தி. ஆயிலில் பெட்ரோலும் ஈரமும் கலக்கும். புதுசு ஒன்று போட்டோம்.

பெட்ரோல் ஹோஸ் எல்லாம் மாற்றியாயிற்று. 2025-ல் பெட்ரோலில் 20 சதவிகித எத்தனால் நாடு முழுக்க வந்துவிட்டது. பழைய ரப்பருக்கு அது ஆகாது, ஊறும், வெடிக்கும். டேங்கில் தூங்கிக்கொண்டிருந்த கசடையும் எழுப்பி ஜெட்டில் கொண்டுவந்து அடைக்கும். எத்தனால் பெட்ரோலுக்கென்று கேட்டு வாங்குங்கள் ஹோஸை. எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில் கசிகிற பெட்ரோல், சிக்கனம் பார்க்க வேண்டிய இடமல்ல.

பாயிண்ட், கண்டென்ஸர், பிளக் புதுசு. டாப்பெட்டுக்கு அளந்த இடைவெளி. ஆயில் 20-50 கிரேடு, சாதாரணமானதே போதும். ஆனால் தேதி தவறாமல் மாற்ற வேண்டும். புகையை மறைக்க டப்பாவில் விற்கும் கெட்டி மருந்து எதுவும் வேண்டாம். "அது வியாதிக்கு மருந்து இல்ல, வாங்கற ஆளுக்கு வைக்கிற மை" என்றார் பாய்.

கடைசியில் பில். எக்ஸாஸ்ட் வால்வும் கைடும் 3,200, லேத் வேலை 3,500, கேஸ்கெட் செட் 900, ரேடியேட்டர் 1,200, தெர்மோஸ்டாட், ஹோஸ் எல்லாம் சேர்த்து 1,100, பாயிண்ட், கண்டென்ஸர், பிளக் 1,100, ஆயிலும் ஃபில்டரும் 1,800, கூலி 5,000. மொத்தம் 17,800. அறுபத்தைந்தாயிரம் என்று ஆரம்பித்த கதை.

மறுபடி கேஜ் வைத்தோம். மூன்றாவது சிலிண்டர், மற்ற மூன்றோடும் தோள் உரசி நின்றது. ஹெட்டைக் கழற்றினபோதே பிஸ்டன் தலையில் கார்பனைச் சுரண்டிப் பார்த்துவிட்டார்கள். ஓவர் சைஸ் எண் எதுவும் பொறிக்கப்படவில்லை. சிலிண்டரை அளந்ததிலும் அதே பதில். ஸ்டாண்டர்டு! நாற்பது வருஷமாக யாரும் அந்தச் சுவரில் கை வைக்கவில்லை.

ஆர்.டி.ஓ. ஆபீசில் இன்ஸ்பெக்டர் மிதிக்கச் சொன்னார். மிதித்தேன். பின்னால் போய்க் குனிந்து பார்த்தார். இன்னொரு தரம் மிதிக்கச் சொன்னார். ஒன்றும் வராததில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றுதான் தோன்றியது. "இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டப் போறீங்களா?" என்றார்.

இந்தக் கேள்விக்கு பாய் ஏற்கெனவே பதில் சொல்லியிருந்தார். ஆலோசனைக்குப் பணம் கொடுக்கப் போனபோது 300 ரூபாய் மட்டும் எடுத்துக்கொண்டு, மீதியைத் திருப்பித் தந்தபடி சொன்னார்:

"ரெண்டு மூணு போர் இன்னும் உள்ள இருக்கு தம்பி. உங்க காலத்துக்கு ஒண்ணு போதும். மீதியை அடுத்து ஓட்டறவனுக்கு விட்டுட்டுப் போங்க."